இந்த முறை பெயின்ட் வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் நலம். வீடும் தேறி வருகிறது. வீட்டுக்குப் போய் யாராவது நலம் சொல்வார்களா என்று சிரிக்காதீர்கள். இந்தக் கடிதமே அதன் உடல்நிலையைப் பற்றித்தான்.

வீட்டை விற்பதற்காக மாமா அனுப்பிய சம்மதப் பத்திரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். தயவுசெய்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டைப் பார்க்க வந்த மருந்துக்கடைக்காரர் கூடத்தில் நின்றபடியே, "புதுசு மாதிரி இருக்கே!" என்று மகிழ்ந்துபோனார். கூட வந்த அவருடைய தங்கை கட்டடப் பொறியாளர். அந்த அக்கா படுக்கையறைச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். பீரோ பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. "இங்க மட்டும் ஏன் இவ்வளவு பளபளன்னு இருக்கு?" என்று கேட்டார். நீங்கள் ஒவ்வொரு விடுப்பிலும் ஆசை ஆசையாகப் பெயின்ட் அடிப்பதை அம்மா சொன்னாள். "ஈரம் எங்கேருந்து வருதுன்னு யாராவது பாத்தீங்களா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "சுவருக்குக் காய்ச்சல். நீங்க பவுடர் பூசி உக்கார வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருந்துக்கடைக்காரர் பிறகு இறக்கிக் கேட்ட விலைக்கு விற்றால், நாம் நினைத்த கடையோடு சேர்ந்த சின்ன வீட்டை வாங்க முடியாது. அது இல்லையென்றால் உங்களுக்கு இங்கே வெல்டிங் பட்டறையும் இல்லை. நீங்கள் மறுபடியும் அங்கே வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டியதுதான். மாமாவோ, "வந்த விலைக்குத் தள்ளிவிடுக்கா, இழுத்தா இதுவும் போயிடும்" என்கிறார்.

அவர்கள் வந்துபோன அன்று சாயங்காலமே அம்மா, "வாடி, மேல ஏறிப் பாத்துடலாம்" என்று கிளம்பினாள். மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் குழாயின் வாய் இலைக்குப்பையால் அடைத்திருந்தது. மூலை முழுக்கப் பாசி. அதற்கு நேர் கீழேதான் பீரோ. கையை விட்டு இழுத்தேன். உள்ளே கெட்டியாக ஏதோ சிக்கியிருந்தது. உங்கள் பிரஷ், அப்பா! சில வருடங்களுக்கு முன்னால் மாடிச்சுவருக்கு வெள்ளையடித்தபோது தொலைத்துவிட்டு, "யாரு எடுத்தீங்க?" என்று எங்களைக் குடைந்தெடுத்தீர்களே, அதே மரப்பிடி பிரஷ். அது அடைத்து, தண்ணீர் தேங்கி, சுவர் நனைந்து, அந்தக் கறையை மறைக்க நீங்கள் புது பிரஷ் வாங்கியிருக்கிறீர்கள்! அம்மா தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கொத்தனார் வந்து மாடி விரிசலை அடைத்தார். சுவரில் ஊறிப்போன பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார். பெயின்ட் அடிக்கவில்லை. சாம்பல் நிறத்தில் பார்க்கச் சகிக்கவில்லைதான். ஆனாலும் தினமும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். காய்ந்துகொண்டு வருகிறது.

கட்டடப் பராமரிப்பு பற்றி நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. அதைப் படித்ததிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு நானும் அம்மாவும் டார்ச்சோடு வீட்டைச் சுற்றிவருகிறோம். மாடி எனக்கு, சமையலறைத் தொட்டியின் அடிப்பக்கம் அம்மாவுக்கு. போன முறை பின்கதவு நிலையில் கரையான் மண்கோடு ஒன்று, சுண்டுவிரல் நீளத்துக்கு. உடனே மருந்து அடித்துவிட்டோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நிலையையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார் தச்சர். மாமா என்னை "இன்ஸ்பெக்டர் அம்மா வந்துட்டாங்க, வழிவிடுங்க" என்று கிண்டல் செய்கிறார். அவர் வீட்டுக் குளியலறைக் குழாய் சுவருக்குள் ஒழுகுவதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். அதிலிருந்து சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அந்தப் பொறியாளர் அக்காவை நானே போய்ப் பார்த்தேன். "மாசாமாசம் பாக்கற வீடுன்னா நம்பி வாங்கலாம். ஒரு மழைக்காலம் போகட்டும். சுவர் காஞ்சபடியே இருந்தா, முதல்ல பேசின விலைக்கே எங்கண்ணன்கிட்ட சொல்றேன்" என்றார். அதுவரை பொறுங்கள் அப்பா. மழை பெய்யட்டும். நாங்கள் தயார்.

இன்னொன்று. போன வாரம் போனில் இருமினீர்கள். அதற்கு முந்தைய வாரமும்தான். கேட்டால், "பட்டறைப் புகைம்மா, ஒண்ணுமில்ல" என்றீர்கள். பீரோ பக்கத்துச் சுவரைப் பற்றி நாமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். டாக்டரிடம் போய் முதுகைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அப்படியே எங்களுக்கு எழுதுங்கள். பூசி மெழுக வேண்டாம்.

உங்கள் பிரஷைக் கழுவி மாடிப்படி ஆணியில் மாட்டியிருக்கிறேன். வரும்போது பெயின்ட் வாங்கி வராதீர்கள். நீங்கள் வாருங்கள், போதும்.

கையெழுத்துப் போடாத பத்திரத்துக்கும் டாக்டர் சொன்ன பதிலுக்கும் காத்திருக்கும்,

உங்கள் அன்பு மகள்,
இன்ஸ்பெக்டர் அம்மா