வெள்ளைக்குக் கீழே சிவப்பு

ஆவணி 14, வெள்ளி. ஊர்காவற்றுறை.

கனடாவில் இருக்கும் குமாரண்ணையின் பழைய அமெரிக்கக் காரை இரண்டு மாதமாகத் திருத்துகிறேன். ஒவ்வொரு ஆணியும் பழையபடியே இருக்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை. இன்று கதவைச் சுரண்டியபோது வெள்ளைப் பூச்சுக்குக் கீழே சிவப்பு தெரிந்தது. கை நின்றுவிட்டது.

எனக்கு ஒன்பது வயதில், எங்கள் வாசல் படலையடியில் வைத்து, துவக்கோடு வந்தவர்கள் அண்ணனைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனதும் இதைப் போலவே மூக்கு நீண்ட, இரண்டு கதவுச் சிவப்புக் காரில்தான். தீவில் அப்படி வேறொன்று இருந்ததில்லை. அண்ணன் திரும்பி வரவில்லை.

குமாரண்ணைக்குப் போன் எடுத்தேன். "இதை ஆரிட்டை வாங்கினனீங்கள், அண்ணை?"

"புங்குடுதீவிலை ஒரு வெறும் வளவுக்குள்ளை கிடந்தது. முதல் ஆர் வைச்சிருந்ததெண்டு தெரியாது. ஏன் கேக்கிறீர்?"

"சும்மா கேட்டனான்."

பின்னேரம் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா கதவைக் கண்டுவிட்டார். கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு அந்தச் சிவப்பைக் கையால் தடவினார்.

"கார் வந்திட்டுதெல்லோ, தம்பி. அப்ப அவனும்..."

நான் ஒரு சாக்கை எடுத்துக் கதவை மூடினேன்.

நாளைக்குப் பின்சீட்டைக் கழற்றவேண்டும். அதற்குக் கீழே அண்ணனுடையது என்ன கிடக்குமோ தெரியாது. விடிய முதல் வள்ளத்திலேயே அம்மாவை நயினாதீவுக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுத்தான் அதில் கை வைப்பேன்.