இனி கிடைக்கும்

மார்ச் 11, 2025. செவ்வாய்

இனி, உன் பேர் இன்றைக்குத் திறந்தது.

நீ போனதற்கு அப்புறம் கொஞ்ச நாள் இணையத்தில் உன் பேரில் நீ வைத்திருந்த பஸ் பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேல்சித்தாமூர் பஸ் எப்போது, மண்டகப்பட்டு பஸ் எப்போது என்று நீ போட்டு வைத்ததெல்லாம் அப்படியே. தை மாதத்தில் நின்றுபோனது. வருஷக் கட்டணம் கட்டாததால் பேர் போய்விட்டது என்று ஜெஸிமா சொன்னாள். போனில் உன் பேரை அடித்தால், ‘இப்படி ஒரு பெயர் இல்லை’ என்று வரும். தெரிந்தும் தினம் உச்சி வேளையில் ஒரு தடவை அடிப்பேன்.

இன்று பஸ் ஸ்டாண்டில் வெயிலுக்கு ஆளே இல்லை. மாங்காய் கீறி மிளகாய்த்தூள் தூவித் தட்டை மூடிவிட்டு அடித்தேன். வெள்ளைப் பக்கம். பச்சை எழுத்து.

இனி கிடைக்கும்.

அவ்வளவுதான் இருந்தது. கத்தியை எங்கே வைத்தேன் என்று வெகுநேரம் தேடினேன். மடியிலேயே இருந்தது.

மார்ச் 12

இன்றும் அதேதான். இனி கிடைக்கும்.

தமிழினி என்று பேர் வைத்து இனி என்று சுருக்கினோம். இப்போது பார், அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமும் வருகிறது. இனிமேல் கிடைக்கும். என்ன கிடைக்கும்?

எட்டாவது படித்தவள் நான். தப்பாகப் படிக்கிறேனோ என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 15, சனி

ஜெஸிமா ஊருக்கு வந்திருக்கிறாள். நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். உன்னோடு காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது சென்னையில் இந்த இணையப் பேர்களை விற்கிற கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். போனை நீட்டினேன். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“மங்கைம்மா, இது இனி இல்ல. இந்தப் பேர் காலியா இருக்குது, யார் வேணா வாங்கலாம்னு அர்த்தம்.”

பேருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஒரு வால் இருக்கிறதே, அந்த வால் உள்ள பேர்களையெல்லாம் ஒரு கம்பெனி கட்டிக் காக்கிறதாம். இல்லாத பேரை யாராவது கேட்டால் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. இப்போது புதுசாக ஒரு சேவை தொடங்கியிருக்கிறார்கள். எந்தப் பேர் அடித்தாலும் இல்லை என்று சொல்லாமல் இந்தப் பக்கத்தைக் காட்டுகிறார்கள்.

“நம்பலன்னா இதப் பாருங்க” என்று அந்த வாலோடு கத்தரிக்காய் என்று அடித்தாள். கத்தரிக்காய் கிடைக்கும். அவள் பேரை அடித்தாள். ஜெஸிமா கிடைக்கும்.

“எங்க அத்தா மூணு தரகருக்கு அலையிறாரு. இதுலயே போட்டுடலாம் போல.”

நீ போன பிறகு நான் முதல் தடவையாகச் சிரித்தேன். என் பேரையும் அடித்துப் பார்க்கச் சொன்னேன். மங்கை கிடைக்கும். சிரிப்பு நின்றுவிட்டது.

பக்கத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் ‘மற்றவர்கள் தேடிய பெயர்கள்’ என்று ஒரு வரி ஓடுகிறது. யார் யாரோ தேடிய, இல்லாத பேர்கள்.

கிளம்பும்போது ஜெஸிமா வாசலில் நின்றுகொண்டே சொன்னாள். உன் பேரில் இருந்த மெயில் விலாசத்துக்கு அவள் இன்னும் எழுதுகிறாளாம். “எப்பவும் திரும்பி வந்துடும்மா. ஆள் இல்லன்னு. அதனாலதான் தைரியமா எழுதுவேன். இந்த வாரம் ஒண்ணுகூடத் திரும்பி வரல.”

எங்கே போகிறது அப்போது?

மார்ச் 20

மலையடிவாரத்தில் உன் நைனாவைப் பார்த்தேன். வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. பாறை நிழலில் உட்கார்ந்து போனை மூக்குக்கிட்ட வைத்திருந்தார். பின்னால் போய் நின்றேன். பச்சை எழுத்து.

என்னை “அத ஏன் நோண்டினு இருக்க” என்று திட்டினவர் அவர்தான்.

அவர் திரும்பவில்லை. சின்னதில் நீ இந்தப் பாறைகளுக்கு நடுவில் நின்று கூவுவாய். மலை திருப்பிக் கூவும். உடனே என்னிடம் ஓடிவந்து, அங்கே இன்னொரு இனி இருக்கிறாள் என்பாய். அதுதான் நினைவு வந்தது.

ஏப்ரல் 2, புதன்

ஜெஸிமா காலையில் போன் செய்தாள்.

பெருநாள் அன்றைக்கு உனக்கு எழுதியிருக்கிறாள். புதுச் சுடிதார், வீட்டில் பிரியாணி அடிபிடித்தது, எல்லாம். அதற்குப் பதில் வந்திருக்கிறது.

‘வணக்கம். உங்கள் மடல் கிடைத்தது. நன்றி. இனி.’

“மெஷின் போடுறதும்மா. எந்த விலாசத்துக்கு எழுதறோமோ அந்தப் பேர அதுவே கீழப் போட்டுக்குது. எனக்குத் தெரியும். தினம் இதே வேலைதான் நான் பாக்குறேன். தெரிஞ்சும் குளிர் ஜுரம் வந்துடுச்சும்மா எனக்கு.”

நீ எப்போது நன்றி சொன்னாய்? ‘ஏய் லூசு’ என்றுதானே ஆரம்பிப்பாய்.

நான் இன்றைக்கு மாங்காய் அரியவில்லை.

ஏப்ரல் 9

ஜெஸிமா விசாரித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறாள். இந்த மாதிரிக் கம்பெனிகள் புதுச் சேவை எதுவும் தன்னிஷ்டத்துக்கு ஆரம்பிக்கக் கூடாதாம். உலகத்துப் பேர்களுக்கெல்லாம் விதி வைக்கிற சபை ஒன்று இருக்கிறது. முதலில் அங்கே கேட்க வேண்டும். இதனால் வேறு எதுவும் உடையுமா, யாருக்காவது கெடுதல் வருமா என்று அவர்கள் பார்ப்பார்கள். ஜனங்களிடமும் கருத்துக் கேட்பார்கள். இவர்கள் சோதனை என்று சொல்லி முதலில் திறந்துவிட்டு, அப்புறம் கேட்கிறார்கள். இப்போது கருத்துச் சொல்கிற நேரம். யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். தமிழில்கூட.

“நீங்க சொல்லுங்கம்மா, நான் அடிக்கிறேன்.”

உன் நைனா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். “அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். உனக்கு இன்னா கெடுதல் பண்ணுச்சு?”

எனக்கு மட்டும் அது வேண்டாமா? அந்தப் பச்சை எழுத்தைப் பார்க்காமல் எனக்கு மத்தியானம் கழிவதில்லை. ஆனால் ஜெஸிமாவின் குரல் காதை விட்டுப் போகவில்லை. உன் பேரை எடுத்துப் போட்டுக்கொண்டு யாரோ அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னேன். “எங்க ஊர்ல உச்சி நேரத்துல யாராவது பேர் சொல்லிக் கூப்ட்டா மொதக் கூப்பாட்டுக்குக் குரல் குடுக்க மாட்டோம். மூணாவது கூப்பாடு வந்தாதான் மனுஷங்க. உங்க மெஷின் மொதக் கூப்பாட்டுக்கே ஏன்னு குரல் குடுக்குது. அதுவும் செத்தவங்க பேர்ல. இல்லாதவங்களக் கேட்டா இல்லன்னு சொல்லுங்க. அதுக்குத்தான உங்கள வெச்சிருக்குது.”

ஜெஸிமா அடிக்கிற கையை நிறுத்தினாள். “இந்த மூணு கூப்பாடு அவங்களுக்குப் புரியுமாம்மா?”

“எழுதுடி.”

எழுதினாள். அவள் கடிதத்துக்கு வந்த பதிலையும் சேர்த்து அனுப்பினாள்.

ஏப்ரல் 10

உன் நைனா சாப்பிடாமலே மலைப் பக்கம் போய்விட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று எழுத்து கோணலாகப் போகும்.

மத்தியானம் அடித்தேன். இனி கிடைக்கும். அடியில் மற்றவர்கள் தேடிய பேர்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ ஒரு துணிக்கடை. யாரோ ஒரு கல்யாண மண்டபம். அதற்கடுத்து —

மங்கா.

மங்கை இல்லை. மங்கா. என்னை அப்படிக் கூப்பிடுகிறவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். ‘மங்கா மாங்கா விக்குது’ என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவாய். நான் அதை அடித்ததே இல்லை. உன் நைனாவைக் கேட்டேன். இல்லை என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். ஜெஸிமாவுக்குப் போன் போட்டேன், அவளும் அடித்ததில்லையாம்.

“மாங்கான்னு அடிக்க வந்தவங்க மொத எழுத்துக்குத் துணைக்கால் போடாம விட்ருப்பாங்கம்மா. சீசன் வேற. தப்பா அடிக்கிற பேர்தான் இதுல அதிகம் வந்து விழும்.”

இருக்கும். அப்படித்தான் இருக்கும்.

“ஜெஸிமா, நான் சொன்னதத் திரும்ப வாங்கிக்கலாமா?”

“நாளைக்கு வரைக்கும் டைம் இருக்குது. வாங்கிடட்டுமாம்மா?”

காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 28

காலையில் ஜெஸிமா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தேன். திரும்ப வாங்க வேண்டாம், எழுதினது இருக்கட்டும் என்றேன்.

மே 6

தினம் அடித்துப் பார்த்தேன். மங்கா அந்த வரியில் மறுபடி வரவில்லை. கொடுக்காப்புளி வந்தது. ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது.

மே 19, திங்கள்

சபை அந்தச் சேவையை நிறுத்தச் சொல்லிவிட்டது. நிறையப் பேர் எழுதியிருக்கிறார்களாம், பெரிய பெரிய இன்ஜினியர்கள் எல்லாம். நாங்கள் எழுதியதை யாராவது படித்தார்களா என்று ஜெஸிமாவுக்கும் தெரியவில்லை. அவள் நேற்று உனக்கு அனுப்பின கடிதம் உடனே திரும்பி வந்துவிட்டது. “அப்பாடா, இனிமே பழையபடி கத சொல்லலாம்” என்றாள். உன் பேரை வேண்டுமானால் திரும்ப வாங்கித் தருகிறேன், பஸ் டைம் போடலாம் என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

உச்சி வேளையில் உன் நைனா தானாகவே கடைக்கு வந்தார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் போனில்தான் அடித்தோம்.

இப்படி ஒரு பெயர் இல்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “ஒரு மாங்கா குடு” என்றார். காரம் நிறையப் போட்டுக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றார். காரம்தான் என்றார்.

மேல்சித்தாமூர் பஸ் போனது. மலைப் பக்கம் யாரோ பிள்ளைகள் கூவினார்கள், மலையும் கூவியது.

இனி, ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அது மாங்காய் தேடி வந்த யாரோ கால் போடாமல் விட்டதுதானா? இல்ல, நீதான் என்னைக் கூப்ட்டியா?