மூன்றாம் கியரும் முன்சீட்டும்

அன்பு மகன் எபேலிக்கு அம்மா வசெமாதா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாய் இருக்கவேண்டும் என்று கர்த்தரை விடாமல் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். இறைச்சி ஆலையில் இன்னொரு தவணைக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று போனில் கேட்டாயே, அப்பாவும் "போடு போடு, இங்க எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்றாரே, அது பச்சைப் பொய். என்ன ஓடியது என்று நான் சொல்கிறேன் கேள்.

சந்தைக்குச் சுமை ஏற்றும் நம் வண்டியின் மூன்றாம் கியர் மேட்டில் ஏறும்போது தானாக நழுவி நியூட்ரலில் விழுமே, பள்ளிக்கூட நாளிலிருந்து நீதானே முன்சீட்டில் உட்கார்ந்து அந்தக் கியர்க் கம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவாய், சில நாள் பிடித்தபடியே தூங்கியும் போவாய். நீ விமானம் ஏறியதும் அப்பா பழைய டயர் டியூபை வெட்டிக் கம்பை இழுத்துக் கட்டினார். சரிபண்ணுங்கள் என்றால் "எதுக்குடி, பய வந்து பிடிச்சுக்குவான்" என்பார். முன்சீட்டில் ஒருவரையும் ஏற்றமாட்டார், போதகரையே பின்னால் சேம்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்த மகராசன்! ஊரே சிரித்தது.

போன மாதம் மழை விட்டதும் சந்தைக்குப் போகிற பெண்களோடு நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். குவாரி மேட்டில் அந்த டியூப் அறுந்தது, கியர் நழுவியது, வண்டி பின்னோக்கி உருள ஆரம்பித்தது, பிரேக் பிடித்தும் சேற்றில் வழுக்கிக்கொண்டே போய்ச் சாலையோர மண்கரையில் மோதி நின்றது. கர்த்தர் புண்ணியத்தில் ஒருவருக்கும் கீறல் இல்லை. இறங்கி ஓடிப் பார்த்தால் அப்பா அந்தக் கம்பை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம், எங்களை எல்லாம் கொல்லப் பாக்குறீங்களா, இதைச் சரிபண்ணினா என்ன கேடு என்று கத்தினேன். "சரிபண்ணிட்டா அவன் எதுக்குடி வரணும்?" என்றார்.

நௌசோரி டவுனில் மெக்கானிக் தேவ்நாத்திடம் அப்பாவையும் வண்டியையும் நானே இழுத்துக்கொண்டு போனேன். அவர் கியர்பெட்டியைப் பிரித்து, உள்ளே கியரைத் தள்ளுகிற கவை தேய்ந்து மெலிந்து கிடப்பதைக் காட்டினார். "சாகியூசா அண்ணே, ஓட்டும்போதெல்லாம் கம்பு மேலயே கையை வச்சிருந்தா இப்படித்தான் தேயும், இனிமே கியரைப் போட்டதும் கையை எடுத்துடுங்க" என்றார். அப்பா சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். புதுக் கவை போட்டபிறகு மூன்றாம் கியர் ஆணி அடித்தது போல நிற்கிறது.

வண்டி சரியாகிவிட்டது, மனுஷன்தான் சரியாகவில்லை. நேற்று வேண்டுமென்றே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், விரட்டவில்லை. மேடு வந்ததும் கியரைப் போட்டார், சொன்னபடி கையை எடுத்தார், எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார். அவரைச் சொல்கிறேனே, நானும்தான் சாயங்காலம் உன் தட்டையும் சேர்த்து எடுத்துவைத்துவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறேன். உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது அய்யா, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்தைப் பற்றி யோசி.

காலுறை போடாமல் தூங்காதே. உன் போக்கைக் காத்த கர்த்தர் வரத்தையும் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, இனி முன்சீட்டில் உனக்கு ஒரு வேலையும் கிடையாது, சும்மா உட்கார்ந்து வருவதற்காக வா.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா வசெமாதா