சிறையில் சொன்ன பெயர்

அன்புள்ள உங்களுக்கு,

பூசானில் குளிர் அதிகமா? நான் குற்றவியல் முதுகலையில் சேர்ந்தபோது, "நம்ம பையனக் கொன்னவன் மாதிரி ஆளுங்ககூட உக்காந்து பேசப்போறியா?" என்று கேட்டுவிட்டு அங்கே உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

இன்று ஆய்வுக்காகச் சிறையில் முதல் பேட்டி. எதிரே இருந்த இளைஞன் கொலைக் கைதி. நான் கேள்வித்தாளையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

"தண்ணி குடிங்கம்மா, மெதுவா கேளுங்க," என்றான். பிறகு, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டான்.

"ஒரு பையன். கிஹோன்னு பேரு. உன்ன மாதிரி ஒருத்தன் கொன்னுட்டான்."

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நான் கேட்காமலே தான் செய்ததையெல்லாம் சொன்னான். நான் மன்னிக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.

பிள்ளை இறந்தபின் நாம் வீட்டில் உச்சரிக்காத பெயர் அது. சொன்னதும் மூச்சுவிட முடிந்தது. வந்துவிடுங்கள். இனி என்னைப் பழையபடியே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கிஹோ அம்மா