என் முகத்தைச் சிறிதாக்கிய கதை

மார்ச் 3, திங்கள்
புது மேலாளரின் உத்தரவு: மின்னஞ்சலின் அடியில் பெயர், பதவியோடு படமும் இருக்க வேண்டுமாம். லிஃப்ட் ரிப்பேருக்கும் என் மூஞ்சிக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் போட்டேன். பெரிதாக வந்தது. மூலையைப் பிடித்து இழுத்துத் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்தேன். பத்தாவது படித்தவனுக்கு இது போதாதா?

மார்ச் 4, செவ்வாய்
போதாது. ‘நாளை பத்து மணிக்கு லிஃப்ட் நிற்கும்’ என்று ஒரு குடியிருப்பிலிருந்து வந்த மெயிலுக்கு நேற்றே பதில் எழுதியிருந்தேன். அவர்கள் திரையில் ‘வணக்கம்’ என்ற முதல் வரிக்குப் பிறகு முழுக்க என் மீசைதானாம். விஷயத்தை நான் படத்துக்கும் கீழே தட்டியிருக்கிறேன். யாரும் படிக்கவில்லை. ஆறாவது மாடிக்காரர் மூட்டையோடு படியேறியிருக்கிறார்.

எங்கள் அலுவலக வரவேற்பில் இருக்கும் அம்மா சொன்னார்: “சார், உங்க மூக்கத் தாண்டுறதுக்கே மூணு தடவ உருட்ட வேண்டியிருக்கு.”

என் திரையில் சின்னதாகத்தானே இருக்கிறது? மேலாளர் ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் சரியாகாவிட்டால் வாடிக்கையாளர் கடிதமெல்லாம் அடுத்த மேசைக்காரர் பெயரில் போகும்.

மார்ச் 5, புதன்
“உங்க பொண்ணுக்கு இதானே வேல? கேக்க வேண்டியதுதானே” என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேட்கலாம். ‘கம்ப்யூட்டர்ல பொம்ம போடுறதெல்லாம் ஒரு வேலையா’ என்று அவளைக் கேட்டவன் நான்தான். அன்று வேலைக்கு ஊர் மாறிப் போனவள் என்னிடம் பேசி ஐந்து மாதம் ஆகிறது. இப்போது அந்தப் பொம்மைதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

ஒரு வார்த்தை எழுதாமல், வெறும் படத்தோடு அவளுக்கு ஒரு மெயில் தட்டிவிட்டேன். சோதனைக்குத்தான். வேறொன்றுமில்லை.

மார்ச் 6, வியாழன்
பதில் வந்தது: “பெரிசா இருக்கு.” அவ்வளவுதான். பதினோரு தடவை படித்தேன்.

மார்ச் 7, வெள்ளி
இன்று விளக்கமாகவே எழுதியிருந்தாள். “மூலையைப் பிடிச்சு இழுத்தா உங்க கண்ணுக்கு மட்டும்தான் சின்னதாகும்ப்பா. உள்ள இருக்கிற படம் அதே அளவுலதான் போகும். முதல்ல படத்தையே சின்னதாக்கிச் சேமிங்க, அகலம் நூத்தம்பது பிக்சல். அப்புறம் போடுங்க.”

‘அப்பா’ என்று இருக்கிறது. சொன்னபடியே செய்து அனுப்பினேன். “இன்னும் பெரிசுதான்” என்றாள்.

மார்ச் 10, திங்கள்
நூற்றிருபது. “கொஞ்சம் பெரிசு. சாப்ட்டீங்களா?”

மார்ச் 11, செவ்வாய்
எண்பது. இப்போது நான் சட்டைப் பொத்தானைவிடச் சிறியவன். “இல்லப்பா, பெரிசு” என்று எழுதிவிட்டு, அவளே போன் செய்தாள். அரை மணி நேரம். படத்தைப் பற்றி இரண்டு நிமிடம். மீதியெல்லாம் அவள் அறை, அவள் வேலை, அம்மாவின் முட்டி வலி. நான் ‘ம்’ போட்டுக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 12, புதன்
தவணை முடிந்ததே என்று மேலாளரிடம் தயங்கிக்கொண்டே போனேன். “வெள்ளிக்கிழமையே சரியாயிடுச்சே சார்?” என்றார் அவர். வரவேற்பு அம்மா விடவில்லை: “அப்பவே அளவா இருந்துச்சு. நேத்துலேருந்து உங்கள பூதக்கண்ணாடி வெச்சுத் தேடுறோம்.”

வெள்ளிக்கிழமையேவா? அப்படியென்றால் அவள் ஏன் —

மார்ச் 13, வியாழன்
படத்தை நூற்றைம்பதுக்கே மாற்றிவைத்தேன். கச்சிதம். பிறகு மகளுக்கு எழுதினேன்: “இன்னும் சரியா வரலம்மா. நாளைக்கும் பாத்துச் சொல்லு.”