உனக்குத் தெற்கு, எனக்கு வடக்கு

எதிர்மனையில் புது வீடு எழும்புகிறது. காலையில் கொத்தனார் சுவருக்குத் தண்ணீர் அடித்தார். செங்கல் ஈரத்தைக் குடிக்கும்போது ஒரு வாசனை வருமே, அது என் அடுப்படிவரை வந்துவிட்டது. நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போன இடத்துக்குத் தபால் கிடையாது என்று எனக்கும் தெரியும். உன்னிடம் பேசாமல் இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கப் போகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்து நூல் மில் ஆபீசில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ். முதலில் ஏறுகிறவள் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்க வேண்டும். நீ பிடித்தால் ஜன்னலோரம் உனக்கு. நான் பிடித்தாலும் ஜன்னலோரம் உனக்குத்தான். அந்த பஸ்ஸில்தான் ஒருநாள், மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு மனை விலைக்கு வருகிறது, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம் என்றாய்.

"நடுவுல ஒரே சுவரு போதும்ட்டி. நீ தும்முனா நான் இங்கன இருந்து நூறாயுசுங்கணும்."

அந்த ஆசையில் வாங்கினோம். வடக்குப் பாதி உனக்கு, தெற்குப் பாதி எனக்கு. இரண்டு வாசலும் கிழக்கே பார்த்து. வீட்டுக்குத் தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் கனமாக இருக்க வேண்டும், வடக்கும் கிழக்கும் மெலிசாக இருக்க வேண்டும் என்பது நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்கிற சங்கதி. நடுச்சுவர் உன் வீட்டுக்குத் தெற்கு, என் வீட்டுக்கு வடக்கு. ஒரே சுவர் கனமாகவும் மெலிசாகவும் எப்படி இருக்கும்? பத்திரம் முடிகிறவரை நம் இரண்டு மரமண்டைக்கும் இது உறைக்கவே இல்லை.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற அன்றைக்குத்தான் விடிந்தது வினை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற உன் மாமனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடுச்சுவர் பதினாலு இஞ்சு என்றார். என் மாமியார் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"வடக்குத்தான் குபேரன் வார வழி. அதுல போயி இம்புட்டுப் பாரத்த ஏத்துனா அவன் எப்படி வருவான்? ஒம்பது இஞ்சுக்கு மேல ஒரு செங்கல் வைக்க விடமாட்டேன்."

என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்து நியாயம் சொன்னார். தெற்கு வெயிலும் மேற்கு வெயிலும் வீட்டுக்குள் இறங்கக் கூடாது என்றுதானே கனம்? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு நிற்கிறது. ஆயுசுக்கும் இதில் வெயில் படாதே, எதற்குக் கனம்?

"மாப்ள, சாஸ்திரம் தெசையத்தான் பாக்கும். பக்கத்துல எவன் வீடு கட்டிருக்கான்னு எட்டிப் பாக்காது" என்றார் உன் மாமனார்.

ஆளுக்கொரு சுவர் கட்டிக்கொள்ளுங்கள் என்றார் மேஸ்திரி. இரண்டு சுவரும் நடுவில் சந்தும் விட்டால் என் அடுப்படியில் ஒருச்சாய்த்துத்தான் நிற்க முடியும். உன் மாமனாரோ, எதற்கு இந்தப் பொல்லாப்பு, பாதி மனையை விற்றுவிட்டு வன்னியம்பட்டிப் பக்கம் போய்விடலாம் என்று எழுந்தே விட்டார். வீடு போனால் போகிறது. நீ போய்விடுவாயே என்றுதான் கலங்கினேன். இதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நீ ஒரு மாசத்துக்குக் கேலி பண்ணியிருப்பாய்.

நீ ஆளுக்கொரு செம்பு மோர் கொடுத்து மணல் குவியலில் இரண்டு பேரையும் உட்கார வைத்தாய். பிறகு ஆரம்பித்தாய்.

"மாமா, பதினாலு இஞ்சே கட்டுவோம். நம்ம பக்கம் நீங்க சொன்ன மாதிரி முழுச்சுவரு."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். என் மாமியார் எழுந்திருக்கப் போனார். நீ கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, உன் மாமனாருக்குக் கேட்காமல் காதோடு சொன்னாய்.

"அத்தை, செத்த நேரம் இருங்க. ஒங்க பக்கம் அந்தச் சுவத்துல பெரிய அலமாரி விடுவோம். ஆளு ஒசரம், ஆறடி அகலம். அலமாரிக்குப் பின்னாடி நிக்கிறது வெறும் நாலரை இஞ்சுதான். நீங்க கேட்டதுல பாதி."

மாமியார் யோசித்தார். லேசில் மடங்குகிற ஆளா அவர்?

"அலமாரின்னா இவ சட்டி பானையெல்லாம் அடுக்குவாளே. அதும் பாரந்தானே?"

"ஒரு கரண்டி கூட வைக்க மாட்டா அத்தை. என்னைக்கும் வெறுசாவே கெடக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா நீ? எனக்கென்று வீட்டில் இருக்கப்போவது ஒரே ஒரு அலமாரி, அதில் ஒரு டம்ளர்கூட வைக்கக் கூடாதாம். பஸ்ஸில் உன்னைப் பிடி பிடியென்று பிடித்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "ஒனக்கு அலமாரி வேணுமா, நான் வேணுமா? சொல்லிரு. மேஸ்திரி நாளைக்கு வருதாரு."

சுவர் எழும்பியது. பால் காய்ச்சிக் குடி வந்தோம். உன் மாமனார் தன் பட்டாளத்து இரும்புப் பெட்டியையும் அந்தச் சுவரோரம் போட்டுத் தெற்கை இன்னும் கனமாக்கிக்கொண்டார். என் மாமியார் தினமும் அலமாரியைத் துடைத்து வெறுமையாகவே வைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

நாலரை இஞ்சு சுவர் பேச்சை மறைக்காது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நீதான். ஒருநாள் அலமாரிக்குள்ளிருந்து, "ஏட்டி, ரசத்துக்குப் பெருங்காயம் போட மறந்துட்டியா, வாசமே வரல" என்று உன் குரல். அலறிவிட்டேன். அன்றிலிருந்து அலமாரிக்குள் தலையை விட்டால் நீ இருப்பாய். ஆடிப்பூரத் தேருக்கு என்ன சேலை, யார் வீட்டில் மாவு புளித்துவிட்டது, மானேஜர் புதுக் கண்ணாடியில் எப்படி இருக்கிறார், எல்லாம் அதற்குள்தான். மருமகள் காலி அலமாரியில் தலையை விட்டுத் தனியாகச் சிரிக்கிறாள் என்று என் மாமியார் எனக்கு மந்திரிக்கவே கூட்டிப்போனார். உன் மாமனாருக்கும் ஒருநாள் சந்தேகம் வந்தது. பதினாலு இஞ்சைத் தாண்டி அந்த அம்மா பேசுவது எப்படிக் கேட்கிறது என்று கேட்டாராம். "சுவரு கனந்தான் மாமா, அவிய தொண்டை அதைவிடக் கனம்" என்றாயாம். அவர் நம்பினார். என் மாமியார் குரலைக் கேட்ட யாரும் நம்புவார்கள்.

பெரியவர்கள் போனார்கள். மில் வேலையும் முடிந்தது. கடைசியில் உன்னால் எழுந்திருக்க முடியாமல் போனபோது, இரும்புப் பெட்டியை நகர்த்திவிட்டுக் கட்டிலைச் சுவரோரம் போடச் சொன்னாய். நான் அலமாரியை ஒட்டி மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் முழுக்கப் பேசினோம். உன் பேச்சு மெலிந்துகொண்டே வந்தது, ஆனாலும் எனக்குக் கேட்டது. உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்தச் சுவரிடம்தான் சொன்னேன். "தெரியும்ட்டி, பொறவு எதுக்கு ஜன்னலோரத்த எனக்கே விட்ட" என்றாய்.

போன வாரம் என் மருமகள் புது மிக்சியும் குக்கரும் வாங்கி வந்து, அவற்றை அந்த அலமாரியில் வைக்கப் போனாள். கூடாது என்றேன். குபேரன் வருகிற வழி, பாரம் ஏற்றக் கூடாது என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"நீங்க இதெல்லாம் நம்புவீங்களா அத்தை?"

"நம்புறேன்."

பொய் இல்லை. எனக்கு வந்த செல்வம் அந்த வழியாகத்தான் வந்தது.