பார் இல்லாத சைக்கிள்

என் உயிரான காக்கா,

அங்கே முதுகு வலியெல்லாம் இருக்காதுன்னு நம்புறேன். இங்கே அது இப்ப எனக்கு வந்திருக்கு. அண்ணன் சொத்து தம்பிக்குத்தானேன்னு மைனி கேலி பண்றாங்க. உங்ககிட்ட ஒரு மன்னிப்பும் கேட்கணும், அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நீங்க பார்த்த வேலையைத்தான் நான் பார்க்கிறேன். கொச்சங்காடியில மூட்டை அடுக்கி வச்சிருக்கிற கிட்டங்கியில மிளகு சாம்பிள் பொட்டலத்தை வாங்கிக்கிட்டு, மட்டாஞ்சேரி பூரா புரோக்கர் ஆபீஸ் ஆபீஸா சைக்கிள்ல ஏறி இறங்கணும். அந்த ஏறி இறங்குறதுதான் பாடுன்னு இப்பத்தானே தெரியுது! உங்க உயரச் சைக்கிள்ல பாரைத் தாண்டிக் காலை வீசினா இடுப்புல சுரீர்னு பிடிக்குது. கால் தரையில ஊனட்டும்னு சீட்டை இறக்கி வச்சேன். முட்டி நெஞ்சுக்கு ஏறி, வலி கூடுனதுதான் மிச்சம். வளைஞ்ச ஹேண்டில் வச்ச பந்தயச் சைக்கிளையும் ஆசைக்கு ஓட்டிப் பார்த்தேன். குனிஞ்சவன் நிமிரவே முடியல, போங்க.

கடைசியில சைக்கிள் கடைச் சேட்டன் ஒரு லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்தார். பார் கிடையாது, காலைத் தூக்காமலே ஏறலாம். ஹேண்டில் உயரம், நிமிர்ந்து உட்காரலாம். சீட்டுக்கு அடியில ஸ்பிரிங். நான் தயங்கினேன். "நடுவு வேணோ, நாணம் வேணோ?"ன்னார். இடுப்பா, வெட்கமா, எது வேணும்னு கேட்கிறார். எனக்கு உங்க முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

எமர்ஜென்சி முடிஞ்ச அடுத்த வருஷம். நீங்களும் இதே மாதிரி ஒண்ணை வாடகைக்கு எடுத்து, காலையில இருந்து சுத்திட்டு, மதியம் கிட்டங்கி வாசல்ல வந்து நின்னீங்க. மூட்டை தூக்குற சுமட்டுக்காரங்க எல்லாரும் பார்க்க, முதல்ல சிரிச்சவன் நான்தான். "காக்கா, அப்படியே தலைக்கு முக்காடும் போட்டுக்கிடுங்க!"ன்னு கத்தினேன். இறங்கி, வாடகைக் கடை வரைக்கும் தள்ளிக்கிட்டே போனீங்க. மறுநாள் பழையபடி உயரச் சைக்கிள். ஒரே வருஷத்துல அதுவும் முடியாம, கிட்டங்கிக்குள்ள சாக்குத் தைக்க உட்கார்ந்துட்டீங்க. காய்ச்சல்ல மௌத்தாகுற வரைக்கும் அங்கேயேதான். ஏன் காக்கா, என்னை ஒரு தடவைகூடத் திட்டல?

நேத்து அந்த லேடீஸ் சைக்கிளை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மைனி சீட்டைத் தொட்டுப் பார்த்தாங்க. "உங்க காக்கா இப்படி ஒண்ணு ஒரு நாள் ஓட்டினாருல்ல தம்பி, அன்னைக்கு ஒரு ராத்திரிதான் முனகாம தூங்கினாரு"ன்னாங்க. போட்டு வச்ச சாயாவைக் குடிக்காமலே எழுந்து வெளிய போயிட்டேன்.

இன்னைக்கு அதுல பஜார் வழியாப் போனேன். சுமட்டுக்காரர் ஒருத்தர் "இத்தா, எவிடேக்கா?"ன்னு கத்தினார். அக்கா எங்கே கிளம்பிட்டீங்கன்னு கேட்கிறார். தெருவே சிரிச்சுது. நான் இறங்கல. என்னை மன்னிச்சிருங்க காக்கா. யார் சிரிச்சாலும் இனி இறங்க மாட்டேன். வலிக்குதுன்னு ஒருத்தர் தேடிக்கிட்ட எதைப் பார்த்தும் இனி சிரிக்கவும் மாட்டேன், இது சத்தியம்.

உங்களை இறங்க வச்ச தம்பி,
ஹனீபா